தூய உள்ளம் மட்டும் போதுமா?

அண்டை வீட்டார் நெடும் பயணம் புறப்படுகின்றனர். தம் நகைப் பெட்டியை நம்மிடம் கொடுத்து, "திரும்பி வரும்வரை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்" என்று சொல்லிச் செல்கின்றனர். அதிலுள்ள ஒரு குன்றிமணிப் பொன்னையும் நாம் தொடவில்லை. தொடவேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழவில்லை. ஆனால் பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவைக்கவும் இல்லை. திண்ணையிலேயே விட்டுவிட்டு உறங்கிப்போனோம். காலையில் பெட்டியைக் காணோம். திரும்பி வந்தவரிடம், "எங்கள் நெஞ்சில் கள்ளமில்லை, அல்லாஹ் அறிவான்" என்று சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

மார்க்கச் சட்ட நூல்களை ஓதியவர்கள் இவ்வினாவுக்கு விடை அறிவர். ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம். அதைக் காப்பவர் அமீன். அவருடைய தவறு ஏதுமின்றி அப்பொருள் அழிந்துபோனால், அவர் ஈடு செய்யவேண்டியதில்லை. ஆனால் இரண்டு காரணங்களில் ஒன்று இருந்துவிட்டால் ஈடு செய்தே ஆகவேண்டும். ஒன்று, வரம்பு மீறுதல். அதைத் 'தஅத்தீ' என்பர். மற்றொன்று, பேணத் தவறுதல். அதைத் 'தஃப்ரீத்' என்பர். முன்னதில் கை செய்தது குற்றமாகிறது. பின்னதில் கை செய்யாமல் விட்டது குற்றமாகிறது. திண்ணையில் வைத்தவர் திருடர் அல்லர். ஆயினும் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார்.

பெட்டியின் இடத்தில் கோடிக்கணக்கான பணத்தையும், அண்டை வீட்டாரின் இடத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களையும் வைத்துப் பார்ப்போம். அப்போதும் இந்த எளிய நீதி நிற்குமா? அமெரிக்க நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினா சட்டமாகவும் வழக்காகவும் நடமாடி வருகின்றது. தம் தொழிலாளரின் மருத்துவச் செலவைத் தாமே நேரில் ஏற்றுக்கொள்ளும் முதலாளிகளின் கடமை பற்றியது அது. அவ்வழக்குகளின் வழியே நாம் ஆராய விரும்புவது ஒன்றே ஒன்று: பிறர் பொருளைக் காப்பவருக்குத் தூய உள்ளம் மட்டும் போதுமா?

அட்டையில் ஒரு பெயர், பணம் வேறொருவருடையது

அமெரிக்காவில் உழைக்கும் வயதிலுள்ள பெரும்பாலோர்க்கு மருத்துவப் பாதுகாப்பு அவரவர் வேலை செய்யும் இடத்தின் வழியாகவே கிடைக்கின்றது. இதில் இரு முறைகள் உள. ஒரு முறையில், முதலாளி ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பிரிமியம் கட்டிவிடுகிறார். எவர் நோயுற்றாலும் செலவு அந்நிறுவனத்தைச் சேர்ந்தது. மற்றொரு முறையில், முதலாளி அவ்வாறு இன்ஷூரன்ஸ் வாங்குவதில்லை. தொழிலாளியோ அவர் மனைவி மக்களோ நோயுற்றால், வரும் மருத்துவமனைப் பில்லை அவரே செலுத்துகிறார். தாங்க முடியாத பெருஞ்செலவு வந்துவிட்டால் காத்துக்கொள்வதற்கு மட்டும் 'ஸ்டாப்-லாஸ்' என்னும் தனிக் காப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார். இதனைச் சொந்த நிதித் திட்டம் எனலாம்.

இவ்விரண்டாவது முறை ஏதோ ஒரு மூலையில் நடப்பதன்று. கே.எஃப்.எஃப். என்னும் ஆய்வு நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வேலையிடத்தின் வழியே மருத்துவப் பாதுகாப்புப் பெறும் தொழிலாளருள் 100க்கு 63 பேர் இத்தகைய திட்டங்களில்தான் இருந்தனர். வேலையிடத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு அவ்வாண்டு ஆன சராசரித் தொகை 25,572 டாலர். அதில் 6,296 டாலர் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. இக்கணக்கில் ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஒரு நிறுவனத்தில் ஆண்டொன்றுக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் புரள்கிறது என்று பொருள்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. தொழிலாளியின் சட்டைப் பையில் உள்ள அட்டையில் பெரும்பாலும் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயரே அச்சிடப்பட்டிருக்கும். பில்களைச் சரிபார்ப்பதற்கும், மருத்துவமனைகளோடு விலை பேசுவதற்கும் முதலாளி அந்நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தியிருப்பார். மருந்துகளின் விலைக்கு இன்னொரு நிறுவனம். ஆலோசனை கூற ஒரு தரகர். எனவே, "உங்கள் சிகிச்சைக்குப் பணம் தர இயலாது" என்ற கடிதம் வரும்போது, தொழிலாளி இன்ஷூரன்ஸ் நிறுவனத்தைத்தான் நொந்துகொள்கிறார். அந்த மறுப்பினால் மிச்சமாகும் பணம் தம் முதலாளியின் பணம் என்பதைப் பலர் அறிவதே இல்லை.

"என் பணத்தைத்தானே நான் செலவிடுகிறேன், இதில் அமானிதம் எங்கிருந்து வந்தது?" என்று முதலாளி கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விடையும் தெளிவானது. ஒரு பகுதி தொழிலாளியின் சம்பளத்தில் நேரே பிடித்த பணம். எஞ்சிய பகுதியும் முதலாளியின் கொடைத் தட்டிலிருந்து வந்ததன்று. கூலியாகக் கையில் கொடுத்திருக்க வேண்டியதன் ஒரு கூறே மருத்துவப் பாதுகாப்பாக உருமாறி வருகின்றது என்பது பொருளாதார அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. இதனை நம்பித்தான் தொழிலாளி வேறு வேலைக்குப் போகாமல் அங்கேயே உழைக்கிறார். வாக்களித்த பின்னர் அப்பணம் 'என் பணம்' என்ற நிலையிலிருந்து நகர்ந்துவிடுகிறது.

மூடிய தொழிற்சாலையிலிருந்து பிறந்த சட்டம்

இதனைச் சட்டம் உணர்வதற்கு ஒரு பேரிழப்பு தேவைப்பட்டது. இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்னும் ஊரில் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலை இருந்தது. 1963 டிசம்பரில் அதனை மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றோருக்கும், ஓய்வு வயதை எட்டியோருக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் 40க்கும் 59க்கும் இடைப்பட்ட வயதினர் சுமார் 4,000 பேருக்கு, அவர்கள் ஈட்டியிருந்த உரிமையில் ஏறத்தாழ 15 விழுக்காடே மிஞ்சியது. அவர்களினும் இளையோருக்கு ஒன்றுமே இல்லை. அந்நிதியில் போதிய பணம் இல்லை. வாக்குறுதி இருந்தது, வாக்குறுதியைக் காக்கும் கடமையை வரையறுத்த சட்டம் இல்லை.

பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட விவாதத்தின் பின், 1974 செப்டம்பர் 2ஆம் நாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு புதிய சட்டம் ஒன்றில் கையொப்பமிட்டார். அதனைச் சுருக்கமாக 'எரிஸா' என்று வழங்குவர். ஓய்வூதியத்தை எண்ணிப் பிறந்த சட்டமேயாயினும், தொழிலாளரின் மருத்துவத் திட்டங்களும் அதன் குடைக்குள் வந்தன.

இச்சட்டம், திட்டத்தை நடத்தும் அதிகாரமோ அதன் பணத்தைக் கையாளும் அதிகாரமோ உடைய எவரையும் 'ஃபிடூஷியரி' என்று அழைக்கின்றது. லத்தீன் மொழியில் 'ஃபிடெஸ்' என்றால் நம்பிக்கை. அதிலிருந்து பிறந்த சொல் இது. அரபியிலோ அமானிதம், அமீன், ஈமான் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. நம்புதலும் நம்பி ஒப்படைத்தலும் அம்மொழியிலும் இம்மொழியிலும் ஒரே குடும்பத்துச் சொற்களாக இருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஆகவே, 'ஃபிடூஷியரி' என்பவரை நாம் அமானிதப் பொறுப்பாளர் என்றே அழைப்போம். அழைப்புப் பெயரைப் பொறுத்து இப்பொறுப்பு வருவதில்லை. அதிகாரத்தைச் செலுத்துகிறவர், தம்மைப் பொறுப்பாளர் என்று எண்ணாவிட்டாலும் பொறுப்பாளரே.

பொறுப்பாளரின் கடமைகள்

அவருக்குச் சட்டம் விதிக்கும் முதற்கடமை, ஒருமுகமான விசுவாசம். திட்டத்தில் சேர்ந்தோர், அவர்களைச் சார்ந்தோர் ஆகியோரின் நலனுக்காகவே அவர் முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்குரிய பயனை அளிப்பதும், திட்டத்தை நடத்த ஆகும் நியாயமான செலவைக் கொடுப்பதும் தவிர வேறு நோக்கம் கூடாது. திட்டத்தின் பணத்தைத் தம் சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்துதல், திட்டத்தோடு வணிகம் செய்வோரிடமிருந்து தமக்கென எதையும் பெற்றுக்கொள்ளுதல் ஆகியன வெளிப்படையாகத் தடுக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது, விவேகம். இதில் சட்டம் வைத்துள்ள அளவுகோல் கூர்மையானது. சாதாரண மனிதன் தன் வீட்டு விவகாரத்தில் காட்டும் கவனம் போதாது. அத்தகைய காரியங்களில் பழகித் தேர்ந்த விவேகி ஒருவர் காட்டும் கவனமும் திறமையும் முயற்சியும் வேண்டும். தமக்குத் தெரியாதென்றால் தெரிந்தவரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அமர்த்திய பின்னும் அவரை மேற்பார்வையிடும் கடமை நீங்குவதில்லை.

மூன்றாவது, எழுதியபடி நடத்தல். திட்டம் எழுத்தில் இருக்கவேண்டும். அதன் சாரத்தைத் தொழிலாளிக்குப் புரியும் நடையில் எழுதித் தரவேண்டும். அவர் எழுத்து மூலம் ஆவணங்களைக் கேட்டால் 30 நாட்களுக்குள் அனுப்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம். சிகிச்சைச் செலவை மறுத்தால் மறுப்புக்குக் காரணம் எழுதவேண்டும்; மேல்முறையீட்டுக்கு 180 நாட்கள் அவகாசம் தரவேண்டும்; முன்னர் மறுத்தவரல்லாத வேறொருவர் அதனைப் புதிதாக ஆராய வேண்டும். உயிர் ஊசலாடும் அவசர வேளையில் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும்.

சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு இன்னும் கடுமையான விதி உண்டு. அதனை நிறுவனத்தின் பணத்திலிருந்து பிரித்தெடுக்க இயலும் நாளிலிருந்தே அது திட்டத்தின் சொத்து. எப்படியும் 90 நாட்களைத் தாண்டக்கூடாது. வியாபாரம் நொடித்த வேளையில், "அடுத்த மாதம் போட்டுவிடலாம்" என்று அப்பணத்தை எடுத்து வேறு கடனை அடைக்கும் முதலாளி, கைமாற்று வாங்கியவர் அல்லர், அமானிதத்தில் கைவைத்தவர். அவ்வாறு அபகரிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அந்நாட்டுக் குற்றச் சட்டம் இடமளிக்கிறது.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. பில்லைச் செலுத்துபவர் முதலாளி என்றால், எவருக்கு என்ன நோய் என்பதும் அவர் அறியும் தொலைவில் வந்துவிடுகிறது. எவருடைய மனைவிக்குப் புற்றுநோய், எவருடைய பிள்ளைக்கு மனநோய் என்பது வேலைக்கு வைப்பவரின் மேசைக்கு வந்தால், அடுத்த ஆட்குறைப்பில் எவர் பெயர் முதலில் வரும் என்று சொல்லவும் வேண்டுமோ? இதனாலேயே, 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள், திட்டத்தின் வழியே அறிந்த நோய்ச் செய்திகளை வேலை பற்றிய முடிவுகளுக்குப் பயன்படுத்தத் தடை செய்தன. பயனைப் பெறவிடாமல் தடுப்பதற்காக வேலையை விட்டு நீக்குவதை எரிஸா சட்டமே தடுத்துள்ளது. ஆக, அமானிதம் பணத்தோடு முடிவதில்லை. பிறர் இரகசியமும் அமானிதமே.

இக்கடமைகளை மீறி இழப்பு நேர்ந்தால், பொறுப்பாளர் தம் சொந்தக் கைப்பணத்திலிருந்தே ஈடு செய்யவேண்டும். தகாத வழியில் அடைந்த இலாபத்தையும் திட்டத்துக்குத் திருப்பித் தரவேண்டும். நிறுவனத்தின் பின்னே ஒளிந்துகொள்ள இடமில்லை.

அறியாமை ஒரு விடையாகுமா?

இனி நம் வினாவுக்கு வருவோம். முதலாளி திருடவில்லை, பொய் சொல்லவில்லை, தொழிலாளர்க்கு நன்மையே நாடினார். ஆனால் பார்க்கவில்லை. அவர் குற்றவாளியா?

1983இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அது தொழிலாளருக்கான பங்குத் திட்டம் பற்றியது. மதிப்பைச் சரிவர ஆராயாமலேயே திட்டத்தின் பணத்தில் பங்குகளை வாங்கியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தோம் என்பது பொறுப்பாளர்களின் வாதம். உள்ளம் தூயதாயிருந்தால் மட்டும் போதாது, ஆராய்ந்து செய்திருக்கவும் வேண்டும் என்பதே அந்நீதிமன்றத்தின் தீர்ப்பின் சாரம். நிய்யத்தை அது இகழவில்லை. நிய்யத் செயலுக்கு உயிர் தருவது. ஆனால் செய்யாத செயலுக்கு அது ஈடாகாது என்பதையே சொல்லிற்று.

மருத்துவத் திட்டங்களில் இவ்வாராய்ச்சி எவ்வளவு தேவை என்பதை மிச்சிகன் மாநிலத்து வழக்கொன்று காட்டுகிறது. ஹை-லெக்ஸ் என்பது மோட்டார் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் நிறுவனம். அது தன் சொந்த நிதித் திட்டத்தை நடத்தித் தரும்படி அம்மாநிலத்து புளூ கிராஸ் புளூ ஷீல்டு நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. 1994 முதல், மருத்துவமனை கேட்ட தொகையின் மேல் ஒரு கூடுதல் தொகையை ஏற்றி, அதனையும் மருத்துவமனைச் செலவு போலவே காட்டி, புளூ கிராஸ் தனக்கு எடுத்துக்கொண்டு வந்தது. இது பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2013இல் விசாரணை நீதிமன்றமும், 2014இல் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை அமானித மீறல் என்றே தீர்மானித்தன. 50 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தரவும், அதற்குரிய வட்டி செலுத்தவும் நேர்ந்தது.

அவ்வழக்கில் முதலாளி நிறுவனம் தன்னால் இயன்ற கவனம் செலுத்தியது. மறைத்தவரின் மறைப்பினாலேயே அறிய முடியாமற் போயிற்று என்பதை நீதிமன்றம் ஏற்றது. உண்மையில் அறிய முடியாதவருக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அறிய முடிந்தும் கேளாதவருக்கு?

இவ்வேறுபாட்டை அண்மைக் காலச் சட்டம் இன்னும் கூர்மையாக்கிவிட்டது. முன்பெல்லாம் திட்டத்தை நடத்தித் தரும் நிறுவனங்கள், மருத்துவமனைகளோடு தாம் பேசிய விலைகளை முதலாளிக்கே காட்டமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுண்டு. தம் பணம் எவருக்கு எவ்வளவு போகிறதென்று பணம் கொடுப்பவரே கேட்கக் கூடாதாம்! 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் இத்தகைய வாய்ப்பூட்டு விதிகளைத் தடை செய்தது. அத்தகைய விதி எதுவும் தம் ஒப்பந்தங்களில் இல்லை என்று ஆண்டுதோறும் அரசுக்கு உறுதி கூறவேண்டும். முதல் உறுதிக்குரிய கடைசி நாள் 2023 டிசம்பர் 31. தரகரும் ஆலோசகரும் நேராகவோ மறைமுகமாகவோ 1,000 டாலரும் அதற்கு மேலும் பெற எதிர்பார்த்தால் முன்கூட்டியே முதலாளிக்கு எழுதிக் காட்டவேண்டும். 2022 ஜூலை முதல் மருத்துவமனைகளோடு பேசிய விலைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் முதலாளிக்குக் கிடைத்த உரிமைகள் போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால் அவை அவர் தோள்மீது ஏறிய சுமைகள். கதவு பூட்டியிருந்தவரை, "உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். சாவியைக் கையில் கொடுத்துவிட்ட பிறகு, தெரியாதிருப்பது அவரே தேர்ந்துகொண்ட ஒன்றாகிவிடுகிறது.

மருந்து விலையில் இது இன்னும் தெளிவாகும். மருந்துச் சலுகைகளை நிருவகிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களே, 2023இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் கையாண்டன என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2024இல் அறிவித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் மீது அதன் ஊழியர் ஒருவர் நியூ ஜெர்சி மாநிலத்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வெளி மருந்துக் கடையில் 100 டாலருக்கும் குறைவாக வாங்கக் கூடிய 90 மாத்திரைகளுக்கு, திட்டத்தின் வழியே 10,000 டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை மறுத்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றம், வழக்கின் முக்கியப் பகுதியைத் தள்ளிவிட்டது. விலை சரியா தவறா என்ற கேள்விக்குள் அது நுழையவில்லை. வழக்குத் தொடுத்தவருக்கு நீதிமன்றத்தால் தீர்க்கக் கூடிய இழப்பு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை என்பதே அது கூறிய காரணம்.

சட்டம் நின்றுவிடும் இடம்

இவ்வழக்கு நம்மை ஒரு கசப்பான உண்மைக்கு அழைத்துச் செல்கிறது. சட்டத்தின் வாசல் குறுகியது. நீதியின் வீடோ பெரியது. வாசலில் நுழைய முடியாதவர் அனைவரும் நியாயமற்றவர் ஆகிவிடுவதில்லை.

இதற்கு மிகப் பெரும் சான்று ஹூஸ்டன் நகரத்தில் நடந்தது. இசைத் துறை வணிகம் செய்த ஒரு நிறுவனத்தின் தொழிலாளிக்கு 1987 டிசம்பரில் எய்ட்ஸ் நோய் இருப்பது தெரிந்தது. அவர் தம் நிறுவனத்தாரிடம் அதனை மறைக்கவில்லை. அப்போது அவருக்குரிய வாழ்நாள் மருத்துவ வரம்பு 10 லட்சம் டாலர். 1988 ஆகஸ்ட் முதல் அந்நிறுவனம் சொந்த நிதித் திட்டத்துக்கு மாறியது. எய்ட்ஸ் நோய்க்கு மட்டும் வரம்பை 5,000 டாலராகக் குறைத்தது. பிற கொடிய நோய்களுக்கு அத்தகைய வரம்பு இல்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலாளியின் பக்கமே தீர்ப்பளித்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் அதனை மறு ஆய்வு செய்ய மறுத்தது. வழக்கு முற்றிலும் முடியும் முன்பே அத்தொழிலாளி காலமாகிவிட்டார்.

நீதிமன்றங்கள் வகுத்த கோடு இதுதான்: திட்டம் இன்னது தரும், இன்னது தராது என்று வகுக்கும்போது முதலாளி வெறும் முதலாளியே. வகுத்ததை நடத்தும்போதுதான் அவர் அமானிதப் பொறுப்பாளர். வகுப்பதில் அவருக்குச் சுதந்திரம் உண்டு. நடத்துவதில் கடமை உண்டு.

இக்கோட்டுக்குப் பின்னால் ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. ஒருமுறை கொடுத்ததை ஒருக்காலும் குறைக்கக் கூடாது என்று கட்டிவிட்டால், பல முதலாளிகள் கொடுக்கவே அஞ்சுவர். சிறிய நிறுவனம் ஒன்று ஒரே நோயாளியின் செலவால் மூழ்கிப்போகவும் கூடும். அப்போது மற்றத் தொழிலாளரின் பிழைப்பும் போகும். இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆயினும், நாளைக்கு எவர் நோயுறுவர் என்று அறியாத நிலையில் எல்லாருக்கும் பொதுவாக வரம்பு வகுப்பது வேறு. ஒருவர் கிணற்றில் விழுந்த பிறகு, அவர் பற்றியிருக்கும் கயிற்றை மட்டும் அறுப்பது வேறு. முன்னது திட்டம் வகுத்தல். பின்னது, திட்டம் வகுத்தல் என்ற பெயரில் ஒரு மனிதனைக் கைவிடுதல். சட்டம் அன்று இரண்டையும் ஒரே கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டது. மனச்சான்று அவற்றை ஒன்றாக்க மறுக்கிறது.

மனச்சான்றின் மறுப்பு வீண்போகவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வாரிட்டி என்னும் நிறுவனத்தின் வழக்கில், திவாலாகும் நிலையிலிருந்த ஒரு துணை நிறுவனத்துக்குச் சுமார் 1,500 தொழிலாளரை, "உங்கள் சலுகைகள் அங்கும் பாதுகாப்பாக இருக்கும்" என்ற பொருள்பட நம்பவைத்து மாற்றியது அமானித மீறலே என்று தீர்ப்பளித்தது. சலுகைகளைப் பற்றித் தொழிலாளரிடம் பேசும்போது முதலாளி பொறுப்பாளராகவே பேசுகிறார். பொறுப்பாளர் பொய் சொல்லலாகாது. 2010ஆம் ஆண்டுச் சட்டமோ, இன்றியமையாத மருத்துவப் பயன்களுக்கு வாழ்நாள் வரம்பு வைப்பதையே ஒழித்தது. சொந்த நிதித் திட்டங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஹூஸ்டன் தொழிலாளிக்குக் கிடைக்காத நீதி, பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பிறருக்குக் கிடைத்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? சட்டம் அறத்தின் பின்னே தாமதமாக நடந்து வருகின்றது. ஆகவே, "சட்டம் தடுக்கவில்லையே" என்பது நாணயமானவரின் விடை ஆகாது. அது, சட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே காட்டும்.

பெட்டி எங்கே?

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்குத் திரும்புவோம். பிறர் பொருளைக் காப்பவருக்குத் தூய உள்ளம் மட்டும் போதுமா? போதாது என்பதே நாம் கண்ட முடிவு. ஏன் போதாது என்பதையும் சிந்திக்கவேண்டும். தூய்மை என்பது நம்மைப் பற்றியது. நம் கை கறைபடவில்லை என்பதோடு அது நிறைவடைந்துவிடும். அமானிதமோ பிறரைப் பற்றியது. அவர் பொருள் அவரிடம் சேர்ந்ததா என்பதோடுதான் அது நிறைவடையும். தம் தூய்மையை மட்டுமே எண்ணி மகிழ்பவர், பெட்டியை மறந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பவர்.

எனவே அமானிதம் ஏற்பவருக்கு மூன்று வேண்டும். எடுக்காத கை வேண்டும். பார்க்கும் கண் வேண்டும். கேட்கும் நாவும் வேண்டும். "இக்கட்டணம் எதற்கு? இம்மருந்துக்கு ஏன் இவ்விலை? இவருக்கு மறுத்தீர்களே, காரணம் என்ன?" என்று கேட்பது, அமர்த்திய ஆளின்மீது கொண்ட அவநம்பிக்கை அன்று. தம்மை நம்பியவர்க்குச் செலுத்தும் கடன் அது. நண்பரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கணக்குக் கேளாது விடுபவர், ஒருவரின் முகத்தாட்சண்யத்துக்காக ஆயிரம் பேரின் உரிமையை விட்டுக்கொடுப்பவர் ஆகிறார். கேட்கும் கடமை தம்முடையது. விட்டுக்கொடுக்கும் உரிமை தம்முடையதன்று.

இது கடல் கடந்த நாட்டு முதலாளிகளுக்கு மட்டும் உரிய பாடமா? நம்முள் சிலர் பள்ளிவாசலின் வக்ஃபுச் சொத்துக்கு முத்தவல்லியாக இருக்கிறோம். சிலர் தந்தையை இழந்த உறவினர் பிள்ளைகளின் பங்கைக் காத்து வருகிறோம். கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் சேமிப்புக்கென்று மாதந்தோறும் பிடித்துவைப்போரும் உளர். "நாம் ஒரு காசும் தொட்டதில்லை" என்று அவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக் கூடும். சொல்லட்டும், அது பெரும் பேறுதான். ஆனால் அத்தோடு நில்லாமல் இன்னொரு வினாவையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: கடைசியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது எப்போது? வாடகை உரிய விலையில் வருகிறதா? அப்பிள்ளையின் பங்கு வளர்ந்ததா, கிடந்து தேய்ந்ததா? அச்சிப்பந்தி நோயுற்று வந்து நின்றால், அவர் பணத்தை அன்றே எடுத்துக் கொடுக்க நம்மால் இயலுமா?

பயணம் போனவர் என்றேனும் ஒருநாள் திரும்பி வருவார். வாசலில் நின்று, நம் உள்ளம் எப்படி இருந்தது என்று அவர் விசாரிக்கமாட்டார். பெட்டி எங்கே என்றுதான் கேட்பார். அவ்வேளையில் எழுந்து உள்ளே சென்று, பூட்டைத் திறந்து, வைத்தது வைத்தபடியே எடுத்து வந்து கொடுக்கும் பேறு நம் எல்லோருக்கும் வாய்க்கட்டுமாக!